வடிகட்டியா, சல்லடையா, அரிப்பா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து நாகர்கோவிலில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமான முதல் வாரம், அடுக்களையில் அத்தை கையெல்லாம் மாவாக நின்றுகொண்டு "மக்ளே, அந்த அரிப்ப எடு" என்றார். எனக்குத் தெரிந்த அரிப்பு கொசு கடித்தால் வருவது. நான் முழித்த முழியைப் பார்த்து அவரே சுவரைக் காட்டினார், ஆணியில் தொங்கியது நாங்கள் சல்லடை என்று சொல்லும் சாமான். அன்று தொடங்கிய ஆர்வம் இன்னும் விடவில்லை. சொந்தக்காரர்கள், பக்கத்து வீடு, சமையல் குறிப்பு கேட்கிறவர்கள் என்று பலர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன்.

வடிகட்டி, சல்லடை, அரிப்பு, பில்டர் எல்லாம் ஒன்றுதானே?

ஓட்டை இருக்கிறது என்ற அளவில் ஒன்றுதான். ஆனால் யாரும் டீயைச் சல்லடையில் ஊற்றுவதில்லை, மாவை வடிகட்டியில் சலிப்பதில்லை. (அவசரத்துக்கு ஒரு கரண்டி மைதாவை டீ வடிகட்டியில் தட்டித் தட்டிச் சலித்திருக்கிறேன், அது கணக்கில் சேராது.) ஈரமான பண்டம் என்றால் வடிகட்டி, உலர்ந்த பண்டம் என்றால் சல்லடை. பெரும்பாலான ஊர்களில் இந்தக் கணக்கு சரியாக வரும். தெற்கே போனால் அரிப்பு வரும், அது கொஞ்சம் தாராளமான சொல், கீழே தனியாகச் சொல்கிறேன். பில்டர் என்றால் தமிழ் வீட்டில் முதலில் நினைவுக்கு வருவது காபி பில்டர், அடுத்தது குடிதண்ணீர் பில்டர்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. டீயை வடிகட்டும்போது கீழே இறங்குவது நமக்கு, மேலே தங்குவது குப்பைக்கு. சோறு வடிக்கும்போது தலைகீழ், தங்குவதுதான் சாப்பாடு. சல்லடையில் இரண்டும் நடக்கும்: மாவு சலித்தால் இறங்கியது வேண்டும், ரவையிலிருந்து மாவை நீக்கச் சலித்தால் தங்கியது வேண்டும். எந்தப் பக்கம் நமக்கு வேண்டியது என்ற இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தச் சாமான்களை வைத்துத் தமிழில் திட்டுவதும் பேசுவதும் எல்லாம் அதில்தான் நிற்கிறது.

வடிகட்டி என்ற சொல்லில் "கட்டி" எதற்கு? எதைக் கட்டுகிறோம்?

இன்றைக்கு ஒன்றையும் கட்டுவதில்லை. ஆனால் கம்பி வலை மலிவாகக் கிடைக்காத காலத்தில் வீட்டில் வடிகட்ட என்ன இருந்தது? பழைய வேட்டித் துணி. அதைப் பாத்திரத்தின் வாயில் போட்டு, தொய்வாக விட்டுச் சுற்றிலும் கட்டி, மேலே ஊற்றுவார்கள். பாத்திரத்தின் வாயைத் துணியால் மூடிக் கட்டுவதற்கு வேடு கட்டுதல் என்று பெயர். ஊறுகாய் ஜாடியை வெயிலில் வைக்கிறவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். வடியும்படி கட்டியது வடிகட்டு. இது என் கணக்குதான், ஆனால் எலுமிச்சம்பழச் சர்பத்துக்காக எங்கள் பாட்டி குண்டானில் துணி கட்டுவதைப் பார்த்திருப்பதால் எனக்கு இதில் சந்தேகமே வந்ததில்லை.

கடைசியில் வரும் "இ" செய்கிறவரையோ செய்கிற பொருளையோ காட்டும். மூடுவது மூடி, பூச்சியைக் கொல்வது பூச்சிக்கொல்லி, மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி. அதே அச்சில் வடிகட்டுவது வடிகட்டி. கட்டிப் பெருங்காயம், வெல்லக்கட்டி எல்லாம் வேறு கட்டி, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, "வடி" என்றால் ஒழுகுவதா?

ஒழுகுவது தானாக, வேண்டாத இடத்தில் நடப்பது. கூரை ஒழுகும், பக்கெட் ஒழுகும். வடிவது மெதுவாக இறங்கிக் குறைவது. வெள்ளம் வடிந்தது, வீக்கம் வடிந்தது என்கிறோம். தண்ணீரை வடியவிடும் வாய்க்கால் வடிகால். ஓர் ஆற்றுக்குத் தண்ணீர் வந்து சேரும் மொத்த நிலப்பரப்பு வடிநிலம், காவிரி வடிநிலம் என்று அரசாங்கப் பலகைகளில் பார்த்திருப்பீர்கள்.

நாமாகச் செய்தால் வடித்தல். கஞ்சி வடிப்பது, கண்ணீர் வடிப்பது. அதோடு நிற்காமல் சிலை வடிப்பது, கவிதை வடிப்பது என்றும் போகிறது, அங்கே உருவம் கொடுப்பது என்று பொருள். தென்மாவட்டங்களில் காது வடிப்பது என்று ஒன்று இருந்தது. காதில் துளை போட்டு, கனமான குணுக்கு மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் வரை இழுத்துத் தொங்கவிட்டு, பிறகு அதில் பாம்படம் போடுவார்கள். எங்கள் அத்தையின் அம்மாவுக்கு வடித்த காதுதான். பேரப்பிள்ளைகள் அதைப் பிடித்து ஆட்டி விளையாடுவார்கள், அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

சலிப்பதும் புடைப்பதும் ஒன்றா? என் மகள் கேட்கிறாள்.

இல்லவே இல்லை. சலிக்கச் சல்லடை வேண்டும், புடைக்க முறம் வேண்டும் (தெற்கே சுளகு). சல்லடையில் கண் பிரிக்கிறது, முறத்தில் காற்றும் கையும் பிரிக்கின்றன. முறத்தைத் தூக்கித் தட்டினால் உமியும் தூசியும் பறக்கும், அது புடைத்தல். பக்கவாட்டில் அலசி அலசிக் குருணையைத் தனியே ஒதுக்குவது கொழித்தல். கல்லையும் கட்டியையும் ஓரத்துக்குக் கொண்டுவருவது நாவுதல். தெள்ளுதல் என்றும் ஒன்று உண்டு, நொய்யையும் தூசியையும் மெல்லத் தட்டித் தனியாக்குவது. முறம் பிடித்த கைக்குத்தான் இந்த வித்தியாசங்கள் முழுதாக விளங்கும். எனக்குப் புடைக்க மட்டும் வரும், கொழிக்கப் போனால் பாதி அரிசி தரையில்.

சல்லடையில் இருக்கும் ஓட்டைக்குப் பெயர் கண். கடையில் "கண் சின்னதா இருக்கணும்" என்று சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். மாவுக்குச் சின்னக் கண், ரவைக்கு நடுத்தரம், தானியத்துக்குப் பெரிய கண். இப்போது ஒரே வளையத்தில் நாலைந்து தட்டுகளை மாற்றி மாற்றிப் போடும் மாதிரி ஸ்டீல் சல்லடைகள் வருகின்றன, சின்னக் குடும்பத்துக்கு அது போதும். பெட்டியில் மெஷ் என்று போட்டு ஓர் எண் இருந்தால் ஓர் அங்குல நீளத்துக்கு எத்தனை கண் என்று பொருள். எண் கூடக்கூடக் கண் சிறிதாகும்.

அரிப்பு என்று உண்மையிலேயே சொல்வார்களா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் வந்து பாருங்கள். எல்லை தாண்டி மலையாளத்திலும் அரிப்பதான், அங்கே சாயா வடிகட்டுவதும் அரிப்ப, மாவு சலிப்பதும் அரிப்ப. சும்மா ஊர்ப்பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள், அரி என்பதுதான் இந்த வேலைக்கு மிகப் பழைய தமிழ்ச் சொற்களில் ஒன்று. அரிசியில் கல் அரிப்பது என்று எல்லா ஊரிலும் சொல்கிறோமே, அதே அரி. கல் நீக்கிய அரிசி பாக்கெட்டில் வரத் தொடங்கியதும் அந்த வேலையே பாதி வீடுகளில் போய்விட்டது. தண்ணீரோடு அரிசியைச் சுழற்றிச் சுழற்றி இன்னொரு பாத்திரத்துக்குச் சாய்த்தால் கடைசியில் அடியில் நாலு கல் மட்டும் கிடக்கும்.

எவ்வளவு பழையது என்றால், அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்று (232) இருக்கிறது. நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, "நாரரி சிறுகலத்து உகுப்பவும் கொள்வன் கொல்லோ" என்று கேட்பார். மலையோடு சேர்த்து நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், நாரால் அரித்த கள்ளைச் சின்னக் கலத்தில் ஊற்றினால் வாங்கிக்கொள்வானா என்பது பொருள். அழவைக்கும் பாட்டு. நாரில் அரித்த கள் சங்கப் பாடல்களில் இன்னும் சில இடங்களிலும் வருகிறது. அத்தை அன்றைக்குச் சொன்ன அரிப்பில் இருப்பதும் அதே அரிதான், நான்தான் கொசுக்கடி என்று நினைத்தேன்.

கரையான் அரிப்பது, கடல் கரையை அரிப்பது, உடம்பு அரிப்பது, அரிவாள் எல்லாம் தனித்தனிக் கதை, அதற்குள் போனால் இன்றைக்கு முடியாது.

பன்னாடை என்று திட்டுகிறார்கள். அதுவும் வடிகட்டியா?

ஆமாம், அசல் வடிகட்டி. தென்னை மட்டையின் அடியில், மரத்தைச் சுற்றிச் சாக்குத் துணி மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். பழுப்பு நிறம், குறுக்கும் நெடுக்குமாக நார், யாரோ தறியில் நெய்து வைத்தது போலவே இருக்கும். அதுதான் பன்னாடை. கள், பதநீர், காய்ச்சிய நெய் எல்லாம் இதில் வடிகட்டுவார்கள். காசு இல்லை, மரத்திலிருந்து உரித்துக்கொள்ளலாம், அழுக்கானால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று.

இவ்வளவு உபகாரமான பொருள் ஏன் திட்டாகிவிட்டது? நெய்யைப் பன்னாடையில் ஊற்றினால் நல்ல நெய் இறங்கிவிடும், கசடும் எறும்பும் மட்டும் அதில் தங்கும். நல்லதை எல்லாம் விட்டுவிட்டு அழுக்கை மட்டும் பிடித்து வைத்துக்கொள்கிறவன் பன்னாடை. ரவுடிகள் கண்டுபிடித்த வசவு என்று நினைத்தால் தப்பு. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலிலேயே இந்த உவமை இருக்கிறது. மாணவர்களைத் தரம் பிரிக்கிறார்: அன்னமும் பசுவும் போன்றவர்கள் முதல் தரம், மண்ணும் கிளியும் போன்றவர்கள் நடு, "இல்லிக்குடம் ஆடு எருமை நெய்யரி" போன்றவர்கள் கடைசி. இல்லிக்குடம் என்றால் ஓட்டைப் பானை, ஊற்றியது ஊற்றியபடி ஒழுகிவிடும். ஆடு ஒரு செடியிலும் நின்று மேயாது. எருமை குளத்தைக் கலக்கிவிட்டுத்தான் குடிக்கும். நெய்யரி என்றால் நெய்யை அரிப்பது, உரைகாரர்கள் பன்னாடை என்றே சொல்கிறார்கள். ஆக, வாத்தியார் பையனைப் பன்னாடை என்று திட்டினால் அவர் பக்கம் இலக்கணம் இருக்கிறது. (திட்டலாம் என்று நான் சொல்லவில்லை.)

அதே சூத்திரத்தில் முதல் தரமாகச் சொல்லும் அன்னத்தையும் கவனியுங்கள். பாலையும் நீரையும் பிரிக்கும் என்று நம்பப்பட்ட பறவை. அதுவும் வடிகட்டிதான், பன்னாடையும் வடிகட்டிதான். எதை வைத்துக்கொள்கிறது என்பதில் ஒன்று தலையில், இன்னொன்று கடையில்.

அப்படியானால் "வடிகட்டின முட்டாள்" என்பது பாராட்டாக அல்லவா இருக்க வேண்டும்? கசடு போய்விட்டதே!

நல்ல கேள்வி, ஒரு கல்லூரி மாணவி கேட்டாள். வடிகட்டினது என்றால் வேறு எதுவும் கலக்காதது. முட்டாள்தனத்தை எடுத்து வடிகட்டி, அதில் தப்பித்தவறி ஒட்டியிருந்த நாலு துளி புத்தியையும் நீக்கிவிட்டால் மிஞ்சுவது எதுவோ அது. வடிகட்டின கஞ்சன், வடிகட்டின பொய், வடிகட்டின அயோக்கியத்தனம் எல்லாம் இப்படித்தான். எப்போதும் கெட்டதோடு சேர்த்தே சொல்கிறோம் என்பது வேடிக்கை. வடிகட்டின நல்லவன் என்று யாராவது சொன்னால் கேலி செய்கிறார் என்று நினைத்துக்கொள்வோம். நல்லதற்குச் சுத்தத் தங்கம், பத்தரை மாற்று என்று நகைக்கடைப் பக்கம் போய்விடுகிறோம்.

பன்னாடை தங்கியதைப் பார்த்துத் திட்டுகிறது, வடிகட்டின முட்டாள் இறங்கியதைப் பார்த்துத் திட்டுகிறது. இரண்டு பக்கமும் திட்டு, வடிகட்டிக்கு நல்ல பெயரே இல்லை.

"சல்லடை போட்டுத் தேடினார்கள்", "உடம்பைச் சல்லடையாக்கியது" என்பதெல்லாம்?

முதலாவதில் சலிக்கிற வேலை: ஓர் இடம் விடாமல், மணலைச் சலிப்பது போல அலசித் தேடுவது. இரண்டாவதில் கண்: குண்டு துளைத்துத் துளைத்து உடம்பே சல்லடைக் கண்ணாகிவிட்டது. செய்தித்தாள்களுக்கு இரண்டும் பிடித்தமானவை. தேர்வு வைத்து ஆள் எடுக்கும்போது மட்டும் ஏனோ "வடிகட்டுகிறார்கள்" என்பார்கள். வெளியே தள்ளப்பட்டவர்கள் மேலே தங்கிய கசடா, கீழே ஊற்றிய கஞ்சியா என்று அதைச் சொல்கிறவர்கள் யோசிப்பதில்லை.

சோறு வடிக்கிற ஓட்டைத் தட்டுக்கு என்ன பெயர்?

வடிதட்டு, வடிகட்டித் தட்டு, கஞ்சி வடிக்கிற தட்டு, சில வீடுகளில் சிப்பல் தட்டு. குக்கர் வந்ததும் பெயரோடு சாமானும் பரணுக்குப் போய்விட்டது. இப்போது சர்க்கரைக்குப் பயந்து வடித்த சோற்றுக்குத் திரும்புகிறவர்கள்தான் இதைக் கேட்கிறார்கள், அதனால் செய்முறையையும் சொல்லிவிடுகிறேன்.

உலை நன்றாகக் கொதித்த பிறகு ஊறிய அரிசியைப் போடுங்கள். தண்ணீர் தாராளமாக இருக்கட்டும், அரிசியைப் போல நாலைந்து பங்கு. ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கினால் நடுவில் ஊசிமுனை அளவு மட்டும் வெள்ளையாகத் தெரிய வேண்டும், அதுதான் பதம். முழுதாக வெந்தபின் வடித்தால் குழைந்துவிடும், ஏனென்றால் சாய்த்து வைத்திருக்கும் பத்து நிமிடத்திலும் அது தன் சூட்டிலேயே வேகும். தட்டைப் போட்டு, பிடிதுணியால் தட்டையும் பானை விளிம்பையும் சேர்த்து இறுக்கிப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு சாய்க்க வேண்டும். முகத்தைத் திருப்ப மறந்த ஒரு நாள் என் கண்ணாடி முழுக்க ஆவி, ஒன்றும் தெரியாமல் பாதிச் சோற்றைத் தொட்டியில் கொட்டினேன். கஞ்சி முழுதும் இறங்கியதும் பானையைச் சாய்த்தே வைத்துவிட்டு, பிறகு நிமிர்த்தி ஒரு குலுக்குக் குலுக்குங்கள், பருக்கை பருக்கையாக உதிரும்.

வடித்த கஞ்சியைக் கொட்டாதீர்கள். உப்பும் மோரும் விட்டுக் குடிக்கலாம், பருத்திப் புடவைக்குப் போடலாம். புடவைக்கென்றால் தண்ணீர் சேர்த்து மறுபடி ஒருமுறை துணியில் வடிகட்டிவிடுங்கள், ஒரு பருக்கை ஒட்டினாலும் இஸ்திரி போடும்போது மானம் போகும்.

எண்ணெயிலிருந்து வடை எடுக்கிற ஓட்டைக் கரண்டியை நாங்கள் ஜாரணி என்போம். சரியா?

சரிதான். ஜல்லிக்கரண்டி, கண் கரண்டி, சாரணி எல்லாம் அதுவே. இலங்கையில் கண்ணகப்பை என்ற அழகான சொல் இருக்கிறது: கண் உள்ள அகப்பை. வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள், பூந்தி தேய்க்கிற கரண்டி வேறு. பூந்திக் கரண்டியில் மாவு ஓட்டை வழியாக எண்ணெயில் விழ வேண்டும், எனவே ஓட்டை உருண்டையாக, ஒரே அளவில் இருக்க வேண்டும், கரண்டி பெரிதாக இருக்க வேண்டும். வடை எடுக்க எந்த ஓட்டையும் போதும். ஜாரணியிலேயே பூந்தி தேய்த்தால் மணி மணியாக வராது, வால் வைத்துக்கொண்டு வரும்.

டீ வடிகட்ட எது நல்லது: துணியா, பிளாஸ்டிக்கா, ஸ்டீலா?

ருசிக்குத் துணி. டீக்கடையில் வளையத்தில் தைத்த நீளமான துணிப் பையில் தூளைப் போட்டு, அதன் மேல் கொதிநீரை ஊற்றி ஊற்றி எடுக்கிறார்களே, அந்த டீயில் ஒரு பொடி கூட இருக்காது. ஆனால் தினம் அலசிக் காயவைக்க வேண்டும், ஒருநாள் ஈரமாக விட்டால் மறுநாள் டீயில் வாடை. வீட்டுக்கு ஸ்டீல் போதும். வலை விளிம்பில் பிரிந்து கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடுங்கள், எத்தனை வீடுகளில் அதை வளைத்து வளைத்து ஓட்டுகிறார்கள்! கொதிக்கக் கொதிக்க டீயைப் பிளாஸ்டிக் வலையில் ஊற்ற எனக்கு மனம் வருவதில்லை, அது என் விருப்பம்.

வலை கறுத்துவிட்டால் தேய்த்துக் கையை வலிக்கவிடாதீர்கள். ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு ஸ்பூன் சமையல் சோடாவும் போட்டுக் கொதிக்கவிட்டு அதில் வடிகட்டியைப் பத்து நிமிடம் போட்டுவையுங்கள், பழைய பல் பிரஷ்ஷால் தட்டினாலே கறை விடும்.

காபி பில்டரையும் வடிகட்டி என்றே எழுதலாமே?

எழுதலாம், ஆனால் யாருக்கும் புரியாது. "அந்த வடிகட்டியில் இரண்டு ஸ்பூன் பொடி போடு" என்றால் டீ வடிகட்டியைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். பில்டர் என்பது தனிச் சாமான், மாடி வீடு மாதிரி இரண்டு அடுக்கு. மேலடுக்கின் அடியில் ஊசிக்கண் ஓட்டைகள், பொடியை அமுக்கக் காம்பு வைத்த ஒரு தட்டு, சில வீடுகளில் அதைக் குடை என்பார்கள். கொதிநீரை ஊற்றி மூடிவைத்தால் கீழடுக்கில் டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுமை வேண்டும், தட்டுவது, குலுக்குவது, ஸ்பூனால் கிளறுவது எல்லாம் பாவம். சிக்கரி சேர்ந்த பொடி மெதுவாக, கெட்டியாக இறங்கும்.

இறங்கவே இல்லை என்றால் ஒன்று, பொடி மிக நைசாக இருக்கிறது, இல்லையென்றால் ஓட்டை அடைத்திருக்கிறது. அடைத்திருந்தால் மேலடுக்கைக் கழுவித் துடைத்து, இடுக்கியால் பிடித்து, ஓட்டைப் பக்கத்தைக் கேஸ் தணலில் ஒரு நிமிடம் காட்டுங்கள். அடைத்திருந்த பொடி கருகிச் சாம்பலாகிவிடும். ஆறியபின் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தால் எல்லாக் கண்ணும் மினுங்க வேண்டும். எவர்சில்வருக்கும் பித்தளைக்கும் மட்டும் இந்த வைத்தியம்.

இலங்கைத் தமிழில் என்ன சொல்வார்கள்?

மாவு சலிப்பது அங்கே மா அரிப்பது, சல்லடை அரிதட்டு. யாழ்ப்பாணத்துச் சமையலில் கோதுமை மாவைத் துணியில் கட்டி ஆவியில் அவித்து, சூடு ஆறுவதற்குள் கட்டிகளை உடைத்து அரிதட்டில் அரித்துவிடுவார்கள், ஆறவிட்டால் கல்லாகிவிடும். அப்படி அவித்து அரித்த மாவில்தான் இடியப்பமும் புட்டும். அரிசியில் கல் அரிக்க, உள்பக்கம் வரி வரியாக வரம்பு வைத்த மண்சட்டி உண்டு, அரிக்கன் சட்டி. கல் அந்த வரம்புகளில் தங்கிவிடும். நாகர்கோவிலில் என்னை முழிக்கவைத்த அரி, கடல் தாண்டியும் அடுக்களையில் உட்கார்ந்திருக்கிறது.

நாட்டு மருந்துக் கடையில் "வஸ்திரகாயம் செய்யுங்கள்" என்றார்கள். அதற்குத் தனிச் சாமான் வாங்க வேண்டுமா?

வேண்டாம், மெல்லிய பருத்தித் துணி போதும். இடித்த சூரணத்தைத் துணி வழியாகச் சலிப்பதுதான் வஸ்திரகாயம். சல்லடையில் இறங்காத நைசு வரும். கிண்ணத்தின் மேல் துணியைத் தளர்வாகக் கட்டி, பொடியைப் போட்டு விரலால் மெல்லத் தடவுங்கள். துணியில் தங்கியதை மறுபடி இடிக்க வேண்டும். கஷாயத்துக்கு இது வேண்டியதில்லை, சொன்ன அளவுக்குச் சுண்டக் காய்ச்சி வடிகட்டினால் ஆயிற்று.

பள்ளிப் புத்தகத்தில் வடிதாள், வடிநீர் என்று வருகிறதே?

வேதியியல் வகுப்பில் புனலுக்குள் மடித்து வைக்கும் தாள் வடிதாள், அதன் வழியே இறங்குவது வடிநீர். வாலை வடித்தல் வேறு, அது கொதிக்கவைத்து ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பது, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் அப்படி வந்தது. கம்ப்யூட்டரில் வேண்டியதை மட்டும் காட்டும் வசதியைத் தமிழில் வடிகட்டி, வடிப்பான் என்று எழுதுகிறார்கள். போட்டோவுக்குப் போடும் பில்டரை மட்டும் யாரும் வடிகட்டி என்று சொல்லிக் கேட்டதில்லை, அதில் வடிகட்டுவதை விடப் பூசுவது அதிகம்.

ஆன்லைனில் என்ன பெயர் போட்டுத் தேடுவது?

இதில் சூடுபட்டிருக்கிறேன். டீ வடிகட்டி என்று நினைத்துக்கொண்டு வெறுமனே வடிகட்டி என்று தேடி, படத்தின் அளவைப் பார்க்காமல் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். வந்தது காய்கறி கழுவும் பெரிய ஓட்டைக் கூடை, என் தலையில் கவிழ்த்தால் தோள் வரை வரும். திருப்பி எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். இப்போது அதில் கீரை அலசுகிறேன்.

டீக்கு வேண்டுமென்றால் டீ ஸ்ட்ரெய்னர், மாவுக்குச் சீவ், காய்கறி, பாஸ்தா, நூடுல்ஸ் வடிக்கக் கொலாண்டர், எண்ணெயிலிருந்து எடுக்க ஸ்கிம்மர். எதுவானாலும் விட்டம் எத்தனை சென்டிமீட்டர் என்று பார்த்து, வீட்டில் ஒரு ஸ்கேலை வைத்து அந்த நீளத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பிறகு பணம் கட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. தேங்காய்ப் பால் பிழிய எது?

துணிதான். ஸ்டீல் வடிகட்டியில் ஸ்பூனால் அழுத்தினால் பால் பாதி சக்கையிலேயே நிற்கும். நாலாக மடித்த வெள்ளைத் துணியில் அரைத்ததைப் போட்டு, முடிச்சாகப் பிடித்து முறுக்குங்கள், கெட்டிப்பால் விரல் இடுக்கில் வழிந்து இறங்கும். பிறகு வெந்நீர் விட்டு இன்னொரு அரைப்பு, இரண்டாம் பால். பிழிந்த துணியைச் சோப்புப் போடாமல் வெந்நீரில் அலசிக் காயப்போடுங்கள், சோப்பு வாசனை அடுத்த வாரம் சொதியில் வரும்.